குருவம்மாள் வயலில் நூறு சதவீத நிஜம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். கையிலிருக்கிற செல்போனைக் கவிழ்த்து வையுங்கள், அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், இலஞ்சியில், முக்கால் ஏக்கர் வயல் ஒன்றுக்கு டிவிக்காரர்கள் வந்து, அதில் பாடுபடுகிறவளையே ‘நீ விவசாயி மாதிரி இல்லையே’ என்று கண்டுபிடித்த கதையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அடக்கின சிரிப்பு விக்கலாக வரும்.

அந்த வயல் குருவம்மாளுடையது. வயது நாற்பத்தெட்டு. சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய பட்டாளத்துச் சட்டை, தலையில் ஏதோ உரக்கம்பெனி கொடுத்த தொப்பி, போக வர ஒரு ஸ்கூட்டி. புருஷன் இசக்கிராஜா ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து வந்தவர். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் அந்தக் காகிதம்தான் அவருக்கு மேலதிகாரி.

ஆனி மாதம். மலையில் மேகம் இறங்கி, நாள் முழுக்கச் சாரல் தூவிக்கொண்டிருந்தது. வயலின் ஒரு மூலையில் குருவம்மாள் அம்பை பதினாறு விதைத்திருந்தாள். அது குறுகிய நாள் நெல். நாற்றை இருபது நாளில் பிடுங்கி வயலில் நட்டுவிட வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் நாற்றங்காலிலேயே முற்றிப்போகும். அப்புறம் எந்தத் தங்கக் கையால் நட்டாலும் பக்கம் கிளைத்துத் தூர் கட்டாது, கதிரும் சோகை பிடித்தாற்போல வரும். அன்றைக்கு நாற்றுக்குப் பன்னிரண்டு நாள்.

அன்றைக்குத்தான் நான்கு லாரிகளும் மூன்று கேரவன்களும் வந்து நின்றன. ‘மண்ணின் மன்னர்’ என்று ஒரு நிகழ்ச்சி. சென்னையிலிருந்து எட்டுப் போட்டியாளர்கள் வயலில் இறங்கி விவசாயம் செய்வார்களாம். யார் நன்றாகச் செய்கிறார்களோ அவருக்குக் கிரீடமாம். எல்லா லாரியிலும் ‘நூறு சதவீத நிஜம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

இயக்குநர் பிரணவ் சின்னப் பையன். நல்ல பையன்தான்; யார் பேசினாலும் இரண்டு விரலால் சட்டம் கட்டி அதன் வழியாகத்தான் பார்ப்பான். “பதினஞ்சு நாள் ஷூட்டிங் சார். எட்டாவது நாள் நடவு சீன். உங்க நாத்தையே நட்டுத் தர்றோம்” என்று இசக்கிராஜாவிடம் சொன்னான். பன்னிரண்டும் எட்டும் இருபது. கணக்கு சரியாக இருந்ததால் அவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: படப்பிடிப்பு முடியும்வரை இயக்குநர் சொல்லாமல் வயலில் எதையும் பிடுங்கவோ நடவோ கூடாது.

மறுநாள் காலையில் குருவம்மாள் வழக்கம்போல வரப்பில் வந்து நின்றாள்.

“அக்கா, ஃப்ரேம்ல நிக்காதீங்க. விவசாயி வரணும்” என்றான் பிரணவ்.

“நாந்தான் தம்பி விவசாயி.”

அவன் விரல்சட்டத்தை அவள் தொப்பியிலிருந்து ஸ்கூட்டி வரைக்கும் ஓட்டினான். “தொப்பி போட்டிருக்கீங்க. வண்டி வச்சிருக்கீங்க. சிரிக்கிறீங்க வேற. ரியலா இல்லையேக்கா.”

“சிரிச்சா பயிரு முளைக்காதோ?”

“முளைக்கும்க்கா. டிஆர்பி முளைக்காது.”

குருவம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காகிதத்தைத் திரும்பிப் பார்த்தார்.

விவசாயிகள் கேரவனிலிருந்து இறங்கினார்கள். அதில் ஸ்மிருதி என்று ஒரு பெண், சோப்பு விளம்பரத்தில் நடித்தவள். மேக்கப்காரர் அவள் முகத்தில் ஒரு குப்பியிலிருந்து சேறு எடுத்துப் பூசினார். இந்த வயல் சேறு தோலுக்கு ஒத்துக்கொள்ளாதாம். கோகோப் பொடியில் செய்த சேறு சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. பூசி முடித்துக் கால் மணி நேரத்தில், வரப்பிலிருந்து எறும்புகள் வரிசை கட்டி ஸ்மிருதியின் காலில் ஏறின. நிகழ்ச்சியை முழுசாக நம்பிய முதல் பார்வையாளர்கள் அவைதான்.

முதல் வாரத்துக்குப் பெயர் வறட்சி வாரம்.

கண்ணுகளா, குற்றாலத்தில் சீசன். ஐந்தருவி ஐந்தாகவும் விழுகிறது. நனையாத கோழி ஒன்று ஊரில் கிடையாது. இந்தச் சமயத்தில் பிரணவுக்கு வறட்சி வேண்டும். என்ன செய்தார்கள்? சீசனுக்குப் பொருட்காட்சி போட வந்தவர்களிடம் சர்க்கஸ் கூடாரத் தார்ப்பாயை வாடகைக்கு வாங்கி, வயலுக்கு மேலே பந்தலாகக் கட்டினார்கள். வாய்க்கால் மடையை மணல்மூட்டை போட்டு அடைத்தார்கள். கீழே, வெடித்த நிலம் மாதிரி வண்ணம் அடித்த தெர்மாகோல் பலகைகளைப் பரப்பினார்கள். ஒரு தவளை எங்கிருந்தோ வந்து வெடிப்பின் மேல் உட்கார்ந்து கத்தியது. அதைப் பிடித்து வெளியே விட இரண்டு பேரை நியமித்தார்கள்.

ஒலிப்பதிவுக்காரருக்கு வேறு கவலை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு இசக்கிராஜாவிடம் வந்தார். “சார், தூரத்துல ஷ்ஷ்னு ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கு. என்ன அது?”

“மெயினருவி.”

“எத்தனை மணிக்கு சார் ஆஃப் பண்ணுவாங்க? போலீஸ் தடை போடுவாங்கன்னு நியூஸ்ல பார்த்தேனே.”

“அண்ணாச்சி, போலீஸ் குளிக்கதுக்குத்தான் தடை போடும். விழுததுக்குத் தடை போட அதுக்கு இன்னும் அதிகாரம் வரல” என்றார் இசக்கிராஜா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வறட்சி வாரத்தைத் தொடங்கி வைக்க நடுவர் சாம்பசிவம் வந்தார். வேளாண் வித்தகர் என்று பட்டம். வைக்கோலில் கட்டிய சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து, குடையைக் கேமராவுக்குத் தெரியாமல் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“நான் நாற்பது வருஷமா விவசாயத்தைப் பத்திப் பேசறேன். முப்பது நாட்டில பேசியிருக்கேன். வாசுதேவநல்லூர் பக்கம்தான் எங்க பூர்வீகம். அந்த வழியா போறப்பல்லாம் கார் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பேன். தூசி வரும், பரவாயில்லைன்னு ரெண்டு நிமிஷம் பார்ப்பேன். இந்த மண் மேல எனக்கு அவ்வளவு மரியாதை. அதனாலதான் இத்தனை வருஷத்தில ஒரு நாள்கூட நான் அதை மிதிச்சதில்லை.”

எல்லாரும் கை தட்டினார்கள். தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு குடம் அளவு சரிந்து அவர் தலையில் கொட்டியது. “கட்! வறட்சியில தண்ணி வந்துடுச்சு, ஒன்மோர்!” என்றான் பிரணவ்.

இரண்டு நாளைக்கு ஒருதரம் சாயங்காலத்தில் ஒரு ஆளை வெளியேற்றுவார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. போகிறவர் அரிவாளை நடுவர் காலடியில் வைத்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கதறி அழுது, ஒற்றையடிப் பாதையில் திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும். பாதையின் வளைவில் ஏசி வேன் நிற்கும். அது நேரே ஐந்தருவிக்குப் போகும். எண்ணெய் தேய்த்து ஒரு குளியல், பிறகு ஈரத்தலையோடு பார்டர் கடையில் பரோட்டா. இது தெரிந்த பிறகு யாருக்கும் ஜெயிக்க மனம் வரவில்லை. நாலாம் நாளில் ஒரு பையன், “சார், நான் மண்வெட்டியைத் தலைகீழாப் பிடிச்சேன் சார், என்னை அனுப்பிடுங்க சார்” என்று நடுவர் காலைப் பிடித்தான். ‘மண்ணைப் பிரிய மனமில்லாமல் கதறும் காட்சி’ என்று அதைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள்.

குருவம்மாள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சிரிப்புக்கு நடுவே தினமும் ஒரு நடை நாற்றங்காலுக்குப் போய்வந்தாள். நாற்றுக்குப் பதினெட்டு நாள். பத்தொன்பது. இருபது வந்தது, வறட்சி முடியவில்லை. இருபத்தொன்று. நுனி பழுக்கத் தொடங்கியது.

“தம்பி, நாத்து நிக்கி. நட்டுருவோமா?”

“அக்கா, கதைப்படி நாம இன்னும் விதையே போடல. இப்ப நாத்து தெரிஞ்சா கன்டினியூட்டி அடி வாங்கும்.”

“கதையில போடலேன்னாலும் வயலுல போட்டாச்சுல்லா?”

“ஒரு நாலு நாளைக்கு வளராம வச்சிருக்க முடியாதா? எங்க ஊர்ல கொத்தமல்லியை ஃப்ரிட்ஜ்ல வைப்போம்.”

குருவம்மாள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் வெடித்தாள். “நானே இறங்கி நடப் போறேன். எவன் தடுக்கான்னு பாக்கேன்.”

“நாந்தாளா தடுக்கணும்” என்றார் இசக்கிராஜா. “போட்ட கையெழுத்து என்னுது. வரப்புல காவலுக்கு என்னையத்தான் நிறுத்தியிருக்கானுவ.”

“பட்டாளத்துல எதிரியைத் தடுத்தீய. இங்கன பொண்டாட்டியத் தடுக்கீயளாக்கும்.”

“அங்கன எதிரி காப்பி போட்டுத் தரல. இங்கன அதுதான் சங்கடமா இருக்கு.”

இருபத்தி மூன்றாம் நாள் உழவுக் காட்சி. தெர்மாகோலை எடுத்துவிட்டு மடையைத் திறந்தார்கள். ஏர் வேண்டும் என்றார்கள். இலஞ்சியில் யாரிடம் இருக்கிறது? எல்லாருக்கும் டிராக்டர்தான். கடைசியில் குற்றாலத்தில் ஒரு சொகுசு விடுதியின் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த கலப்பையை, ‘தொட வேண்டாம்’ என்ற பலகையோடு சேர்த்துக் கழற்றி வந்தார்கள். ஓட்டி வந்த மாடுகள் இரண்டும் அது என்ன சாமான் என்று முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. ஸ்மிருதி மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அது போதும் என்றான் பிரணவ். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு டிராக்டர் வந்து, யாரும் படம் எடுக்காத இருபத்தைந்து நிமிஷத்தில் வயலை உழுது, சேறாக்கி, மட்டம் அடித்துவிட்டுப் போனது. சாப்பிட்டு வந்தவர்கள் வயலைப் பார்த்து, “பாரம்பரியம்னா பாரம்பரியம்தான்” என்று பெருமூச்சு விட்டார்கள்.

இருபத்தி நாலாம் நாள். ஒருவழியாக நடவு. தார்ப்பாயைக் கழற்றினார்கள். குருவம்மாள் சாமியைக் கும்பிட்டுவிட்டு வரப்பில் நின்றாள்.

நடவு நடுகிறவர்கள் குனிந்து, பின்னால் பின்னால் நகர்ந்துதான் நடுவார்கள். நட்டது முன்னால் நிற்கும், கால் பின்னால் போகும். பிரணவ் அதைக் கேட்டதும் துள்ளினான். “பின்னாடி போறதா? நெவர். பின்னடைவு நெகட்டிவ். விவசாயி முன்னேறணும். எல்லாரும் கேமராவைப் பார்த்து முன்னால வாங்க!”

முன்னால் வந்தார்கள். நட்டதை எல்லாம் தானே மிதித்துக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் நாற்று ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் படகுபோல மிதந்தன. நடுவில் ஸ்மிருதியின் ஒட்டு நகங்களில் நான்கும் மிதந்தன. நாற்று இரண்டு கட்டு பாழ்.

“க்ளோசப் கை வேணும். நடற மாதிரி கை. யாருக்கு நடத் தெரியும்?” என்று கேட்டான் பிரணவ். எல்லாரும் அவரவர் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்குத் தெரியும் தம்பி.”

“அக்கா... ஓகே. முகம் வேணாம். கை மட்டும்.”

விவசாயி வேலைக்கு ஆகாதவள் விவசாயியின் கைக்கு டூப்பாக ஆனாள். கை கறுப்பாக இருக்கிறது என்று பவுடர் போட்டார்கள்; கன்டினியூட்டி என்று மிச்சமிருந்த ஆறு ஒட்டு நகத்தையும் ஒட்டினார்கள். குருவம்மாள் குனிந்து ஒரு வரிசை நட்டாள். ஆறு நகமும் ஆறு நாற்றோடு பூமிக்குள் போயின.

“சூப்பர்க்கா. ஆனா ஒரு சின்ன நிழல் விழுந்துடுச்சு. ஒன்மோர்.”

இன்னொரு வரிசை நட்டாள்.

“லைட் போயிடுச்சு. ஒன்மோர்.”

மூன்றாவது வரிசை நட்டு நிமிர்ந்தவளுக்கு, அந்தச் சாரலில், புத்திக்குள் ஒரு பல்பு எரிந்தது. ஒவ்வொரு ஒன்மோருக்கும் ஒரு வரிசை. வரப்பில் காகிதத்தோடு நிற்கிறவரும் ஒன்றும் சொல்ல முடியாது; இயக்குநர் சொல்லித்தான் நடுகிறாள்.

“தம்பி, கை லேசா நடுங்கிட்டு. இன்னொருக்கா எடுப்போமா?”

பிரணவுக்குக் கண் கலங்கிவிட்டது. தானாக ஒன்மோர் கேட்கிற கலைஞரை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஆறாவது ஒன்மோரில் அவள் அடுத்த கொக்கியைப் போட்டாள். “ஒரே கையி எல்லாத்துக்கும் வருமா தம்பி? இது சந்தோசக் கையி. அழுத கையி வேற மாதிரில்லா நடும். கோவப்பட்ட கையி வேற.”

“கைக்கு எமோஷன்!” பிரணவ் தலையில் கை வைத்தான். “அக்கா, அந்தக் கையெல்லாம் எங்க கிடைக்கும்?”

“பாவூர்சத்திரம் சந்தைப் பக்கம் கிடைக்கும். போன் போடட்டா?”

முக்கால் மணி நேரத்தில் லோடு ஆட்டோவில் முப்பிடாதியும் அவளுடைய நடவு ஆட்கள் பன்னிரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். முப்பிடாதி தூரத்து உறவில் குருவம்மாளுக்கு மைனி, அண்ணி முறை. விஷயத்தைக் காதில் சொன்னதும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“ஏட்டி குருவு, கோட்டிக்காரப் பயலுவளா இருக்கானுவளே. எனக்கு என்ன கையிட்டி?”

“ஒனக்கு வைராக்கியக் கையி மைனி.”

“வீட்டுல மாமியா இருக்கும்போது இருந்தது. இப்பமும் இருக்கும், பாப்போம்.”

ஆரம்பித்தது பாருங்கள் நடவு! கண்ணீர் நடவு நாலு வரிசை. கோப நடவு ஐந்து. அண்ணன் தங்கை பாசத்துக்கு மூன்று. காதலுக்கு வரிசை வளைந்து போனதால் இன்னொரு தரம். “இதுல துரோகம் தெரியலையே” என்று பிரணவ் கேட்டால், முப்பிடாதி “இந்தா துரோகம்” என்று சளக் சளக்கென்று நட்டுத் தள்ளுவாள். ஒரு தரம் அவன், “எல்லாரும் பின்னாடியே போறீங்களே” என்று கவலைப்பட்டான்.

“படத்தைத் திருப்பி ஓட்டுங்க தம்பி, முன்னால வருவோம்” என்றாள் குருவம்மாள். “எங்க அண்ணன் மவன் குளத்துக்குள்ள இருந்து கரைக்குப் பறந்து வருத மாதிரி ஒரு வீடியோ எம் போன்ல கெடக்கு.”

பிரணவ் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பவுடர் ஒட்டியது.

நாலரை மணிக்கு நடுவர் சாம்பசிவம் தூங்கி எழுந்து வந்தபோது, முக்கால் ஏக்கரும் நட்டு முடிந்து, சாரலில் சிலுசிலுத்து நின்றது. வரப்பிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்மிருதிக்குக் கிரீடம் வைத்தார். இசக்கிராஜா காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பதிமூன்று பேருக்கும் டீ வாங்கக் கிளம்பினார்.

ஒரு மாதம் போயிற்று. நிகழ்ச்சி ஒளிபரப்பானது. தெர்மாகோல் வறட்சியைப் பார்த்து ஜனங்கள் உருகினார்கள். மாட்டுக்குப் பக்கத்தில் அழுத ஸ்மிருதிக்கு லட்சம் இதயம் விழுந்தது. கடைசி நாள் நடவுக் காட்சி வந்தது. பிரணவ் சொன்ன சொல் தவறாத பையன், திருப்பி ஓட்டியிருந்தான். திரை முழுக்கக் கைகள் முன்னேறி முன்னேறி வந்து, நட்ட நாற்றை எல்லாம் சளக் சளக்கென்று பிடுங்கின. ‘இதோ, பூமிக்கு உயிர் கொடுக்கும் கரங்கள்’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் நெகிழ்ந்தது.

ஊரே கொதித்துவிட்டது. இத்தனை நாள் எல்லாம் நிஜமாக இருந்ததே, இது மட்டும் நடிப்பாக இருக்கிறதே என்று போன் மேல் போன். மறுநாள் சாம்பசிவமே திரையில் தோன்றினார்.

“எங்கள் நிகழ்ச்சியில் எல்லாமே நிஜம். தெர்மாகோல், நிஜமான தெர்மாகோல். கிளிசரின், கலப்படமில்லாத கிளிசரின். நான் பேசியது நிஜமாகவே நான் பேசியது. ஆனால் ஒரே ஒரு காட்சியில், எங்களுக்குத் தெரியாமல், வெளியாட்கள் சிலர் உள்ளே புகுந்து விவசாயம் செய்துவிட்டார்கள். வருந்துகிறோம். அந்தப் போலிப் பயிர் உடனே அப்புறப்படுத்தப்படும்.”

குருவம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கடைசி வரியில் சிரிப்பு நின்றது.

அதற்கு அடுத்த நாளே ஒரு லாரி வந்தது. ஓட்டுநரோடு விஜய்பாண்டி என்ற ஆள், செட் பிரிக்கிறவன், கையில் பட்டியலோடு இறங்கினான். வயலில் பயிர் முழங்கால் உயரம், கரும்பச்சையாக, தூர் வெடித்து நெருங்கி நின்றது.

“வைக்கோல் சிம்மாசனம் ஒன்று, பிளாஸ்டிக் வாழைமரம் நாலு, போலிப் பயிர் முக்கால் ஏக்கர். எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க” என்று படித்தான்.

குருவம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கி நின்றாள். புருஷனைப் பார்த்தாள். ‘செட்டைப் பிரித்து எடுத்துச் செல்ல உரிமையாளர் ஒத்துழைக்க வேண்டும்’ என்று நாலாம் பக்கத்தில் இருப்பது அவளுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டவர் அவர்.

இசக்கிராஜா பட்டியலை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“போலிப் பயிருன்னு போட்டிருக்கு. சரி. உள்ள இறங்குங்க. போலி எங்கன கெடந்தாலும் ஒண்ணு விடாம எடுத்துக்கிடுங்க, நானே லாரியில ஏத்தித் தாரேன். ஆனா நெசப்பயிரு ஒரு இலை ஒடிஞ்சாலும், அது இந்தப் பேப்பர்ல இல்ல. பேப்பர்ல இல்லாததைத் தொட்டா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்.”

விஜய்பாண்டி தயங்கித் தயங்கி இறங்கினான். ஒரு தூரைக் கையால் வளைத்து உருவினான். “ஆ!” என்று கையை உதறினான். நெல் இலையின் ஓரம் விரலில் கோடு கிழித்திருந்தது. ரத்தம் துளியாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சென்னைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

“சார், பயிர் கையைக் கிழிச்சிடுச்சு சார். ரத்தம் வருது.”

“ரத்தமா? மேக்கப் யாரு?”

“மேக்கப் இல்ல சார். வேர் வேற வரமாட்டேங்குது. இது நிஜம் சார்.”

அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ காகிதம் புரட்டிக் கேட்கிற சலசலப்பு. பிறகு சாம்பசிவத்தின் குரலே வந்தது.

“நிஜம்னா அது நம்ம சேனலோட பொருள் இல்லப்பா. விட்டுட்டு வா.”

குருவம்மாள் தன் முந்தானையின் ஓரத்தைக் கிழித்து அவன் விரலில் கட்டினாள். “சாப்பிட்டுட்டுப் போ தம்பி. பிளாஸ்டிக் வாழையை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போயிரு, மாடு அதைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லு ஆடுது” என்றாள்.

பயிர் விளைந்தது, அறுத்தாள், பொங்கித் தின்றார்கள். அவ்வளவுதான் கண்ணுகளா. நீங்களும் நல்லா இருங்கள். உங்கள் வீட்டுப் பானையில் சோறு குறையாமல் இருக்கட்டும். மறுசோறு கேட்கிற வாயும், போடுகிற கையும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கட்டும். உங்கள் வீட்டு அழுகையைக் கேட்டு எவனும் இன்னொரு தரம் அழச் சொல்லாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் செய்கிற வேலையை அவர்கள் கையே சாட்சி சொல்லட்டும். போய் வாருங்கள், என் செல்லங்களா.